கொசுத்தேனீ வைரஸ் நோயைப் பரப்புமா?

வெள்ளரி, பூசணி, பாகல் போன்ற கொடிக் காய்கறிகளில் பிஞ்சு இறங்கும் தறுவாயில் இலையில் தேமல் கண்டுவிட்டால், அந்தப் பருவத்து வரும்படி போயிற்று என்று விவசாயி கலங்குவது இயற்கை. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்துக் காய்கறி பயிரிடுபவருக்கு அது தாங்க முடியாத அடி. அந்த வேளையில் பூவுக்குப் பூ தாவித் திரியும் பூச்சியின் மேல் சந்தேகம் விழுகிறது. நோய் கண்ட செடியில் உட்கார்ந்த தேனீதானே அடுத்த செடியிலும் போய் உட்காருகிறது என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆம் என்றோ, இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆனால் விடை தெரியாமல் கூட்டைக் கொளுத்துவதும், பூத்த பயிரில் மருந்து அடிப்பதும் நஷ்டத்தை இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் முழுவதும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் என்று ஆகிவிட்டது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரில் புதிய துறைமுகம் 2001-ல் செயல்படத் தொடங்கியது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. இருந்தும் இந்தப் பகுதிக்கு வடக்கிலும் மேற்கிலும் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரங்களில் நெல்லும், நெல் தரிசில் பயறு வகைகளும், நிலக்கடலையும், காய்கறிகளும் இன்றும் பயிராகின்றன. தொழிற்சாலைச் சுவருக்கு இந்தப் பக்கம் களை மண்டிய மனை, அந்தப் பக்கம் வெண்டைத் தோட்டம் என்று இருக்கும் இடங்களில்தான் நம் கேள்விக்கு முக்கியத்துவம் அதிகம்.

கொசுத்தேனீ எப்படிப்பட்டது?

கொசுத்தேனீ என்றும் கொட்டாத் தேனீ என்றும் வழங்கும் இந்தச் சிறு தேனீ மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். நிறம் கறுப்பு. கொடுக்கு இருந்தும் இல்லாதது போலத்தான், கொட்ட இயலாது. கூட்டை யாராவது கலைத்தால் தலைமயிரிலும் காதிலும் மொய்த்துக் கடிக்கும், அவ்வளவே. மரப்பொந்து கிடைத்தால் அதில் குடியேறும். நகரப் பகுதியில் பழைய செங்கல் சுவரின் இடுக்கு, மின்சார மீட்டர் பெட்டி, கைவிட்ட இரும்புக் குழாய், கதவு நிலையின் ஓட்டை எதுவும் அதற்குப் போதும். சுவரிலிருந்து ஒரு சிறு குழல் போலப் பிசினால் கட்டிய வாசல் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கொசுத்தேனீ இருக்கிறது என்று அறியலாம்.

தேனைத் தனியாகவும் மகரந்தத்தைத் தனியாகவும் சிறு சிறு மெழுகுப் பானைகளில் இது சேர்த்து வைக்கும். கூட்டிலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டர் தூரத்துக்குள்ளேயே இரை தேடும். அடுக்குத் தேனீயைப் போல ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று போவதில்லை. இந்தத் தூரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேனீயின் நோய் வேறு, செடியின் நோய் வேறு

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது உண்டு. 1991-92-ல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்த தாய் சாக்புரூட் நோய், தேனீப் புழுவைத் தாக்கிக் கொல்லும் வைரஸால் வந்தது. அது செடியை ஒன்றும் செய்யாது. அதுபோலவே வெண்டையில் வரும் நரம்புத் தேமல் வைரஸ் தேனீயை ஒன்றும் செய்யாது. புகையிலை வளையப்புள்ளி வைரஸ் தேனீயின் உடலுக்குள்ளும் பெருகுகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதன் சான்று போதாது என்று வேறு ஆய்வாளர்கள் உடனே மறுத்தனர். நாம் இங்கே பேசுவது செடியின் வைரஸைத் தேனீ சுமந்து செல்கிறதா என்பதை மட்டுமே.

செடிக்கு வரும் வைரஸ் தானாக உயிர்ச்செல்லுக்குள் நுழைய முடியாது. யாராவது வாசலைத் திறந்துவிட வேண்டும். வெள்ளை ஈயும் அசுவினியும் ஊசி போன்ற வாயால் குத்திச் சாறு உறிஞ்சும்போது அந்த வாசலைத் திறக்கின்றன. பயறு வகைகளின் மஞ்சள் தேமல், வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல், மிளகாயின் இலைச்சுருட்டை வைரஸ் ஆகியவை வெள்ளை ஈயால் பரவுகின்றன. பப்பாளியின் வளையப்புள்ளி நோய் அசுவினியால் பரவுகிறது. கத்தரியின் சிற்றிலை நோய் வைரஸே அல்ல. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வந்து, தத்துப்பூச்சியால் பரவுவது. தேனீக்கு இப்படிச் செடியைக் குத்தும் வாய் கிடையாது. நக்கிக் குடிக்கும் நாக்கும், பிசினையும் மெழுகையும் பிசையும் தாடையும்தான் உண்டு. ஆகவே மேலே சொன்ன நோய்கள் எதற்கும் கொசுத்தேனீயைக் குற்றம் சொல்லவே முடியாது. நம் வட்டாரத்துத் தோட்டங்களில் காணும் தேமல் நோய்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் முடிந்துவிடும்.

மீதியுள்ளவைதான் சிக்கலானவை. சில வைரஸ்கள் மகரந்தத்தில் தங்குகின்றன. வேறு சில, தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. கையில், கத்தியில், துணியில், செடியோடு செடி உரசும் இடத்தில் பரவிவிடும். இந்த இரண்டு வகையிலும் தேனீக்குப் பங்கு இருக்க இடம் உண்டு.

வெள்ளரிப் பச்சைத் தேமல்

தொட்டால் ஒட்டும் வகைக்கு நல்ல உதாரணம் வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ். 1935-ல் இங்கிலாந்தில் வெள்ளரிச் செடியில் முதலில் விவரிக்கப்பட்டது. 1940-களின் இறுதியிலேயே நம் நாட்டில் சுரையில் இது காணப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வெள்ளரி, தர்பூசணி, பூசணி, முலாம்பழம், சுரை என்று கொடிக் காய்கறிக் குடும்பம் முழுவதையும் தாக்கக்கூடியது. இலையில் இளம்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இலை புடைத்துக் கொப்பளம் போல் எழும். தர்பூசணியில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சதை பஞ்சு போலாகி, நிறம் மாறி, விற்க முடியாமல் போவதும் உண்டு. விதையோடு வரும், காய்ந்த கொடியிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் கேத்தரின் என்ற ஊரைச் சுற்றியுள்ள தர்பூசணித் தோட்டங்களில் 2014-ல் இந்த வைரஸ் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பாதித்த பண்ணைகளைத் தனிமைப்படுத்தி ஒழிக்கப் பார்த்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு மாநிலங்களிலும் அது தலைகாட்டியது. அப்போது தேனீப் பெட்டிகளைச் சோதித்தவர்கள் அவற்றிலும் வைரஸ் இருப்பதைக் கண்டார்கள். ஆனால் கூட்டில் வைரஸ் இருப்பது ஒன்று, அதைத் தேனீ அடுத்த செடிக்குக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதை இஸ்ரேல் ஆய்வாளர்கள் வலைக்குடிலில் வெள்ளரி வைத்துச் சோதித்து 2018-ல் வெளியிட்டனர். நோயுற்ற செடியும் நல்ல செடியும் இருந்த குடிலில் இத்தாலியத் தேனீயை விட்டபோது, நல்ல செடிக்கும் நோய் பரவியது. தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சொரசொரப்பு வைரஸையும் பம்பிள் எனப்படும் குளிர்நாட்டுப் பெருந்தேனீ பரப்புகிறது என்று மறு ஆண்டு அங்கேயே காட்டினார்கள்.

இந்தச் சோதனைகள் பெரிய தேனீக்களை வைத்துச் செய்யப்பட்டவை. கொசுத்தேனீயும் பூவில் காலூன்றி நடந்து, மகரந்தத்தைத் தேனால் நனைத்துப் பின்னங்காலில் உருட்டிக்கொண்டுதான் போகிறது. ஆகவே இந்த வழி அதற்கும் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் முன்ஜாக்கிரதை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளரி, பாகல், பூசணி, தர்பூசணி ஆகியவை காலையில் மலர்கின்றன. அங்கே கொசுத்தேனீக்கு வேலை உண்டு. சுரை, பீர்க்கு, புடல் ஆகியவை மாலையில் மலர்கின்றன. கொசுத்தேனீ அடங்கும் நேரம் அது. சுரைப் பந்தலிலோ புடல் பந்தலிலோ பச்சைத் தேமல் வரிசை வரிசையாக ஓடினால் சுவரில் இருக்கும் கூட்டைப் பார்க்காதீர்கள். காய் அறுக்கும் கத்தியையும், விதை வந்த வழியையும் பாருங்கள்.

வாழைப்பூ கற்றுக்கொடுத்த பாடம்

கொட்டாத் தேனீ இனம் செடி நோயைப் பரப்பியதாக ஊர்ஜிதமான வரலாறு வாழையில் இருக்கிறது. நோய்க் கிருமி அங்கே வைரஸ் அல்ல, பாக்டீரியா. மத்திய அமெரிக்காவில் மோக்கோ என்ற வாழை வாடல் நோய் வேகமாகப் பரவியபோது, அதில் கொட்டாத் தேனீகளுக்கும் பங்கு உண்டு என்று 1962-லேயே எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் 2001-ல் வேறொரு பாக்டீரியா வாடல் நோய் கிளம்பி வாழைத் தோட்டங்களை அழித்தது. அங்கும் கொட்டாத் தேனீ உள்ளிட்ட பூச்சிகளே காரணம். வாழைத் தாரின் நுனியில் தொங்கும் பூவிலிருந்து மடல் உதிரும்போது பச்சைக் காயம் உண்டாகிறது. அதில் கசியும் சாற்றையும் தேனையும் தேடி வரும் பூச்சிகள் ஒரு மரத்தின் கிருமியை அடுத்த மரத்தின் காயத்தில் விட்டுச் சென்றன.

இங்கேதான் பார்க்க வேண்டும். உகாண்டாவில் தேனீக் கூடுகளை அழிக்கச் சொல்லவில்லை. கடைசிச் சீப்பு இறங்கியதும் வாழைப்பூவை ஒடித்துவிடச் சொன்னார்கள். கத்தியால் வெட்டினால் கத்தியே நோயைக் கொண்டுபோகும் என்பதால், கவட்டைக் கழியை மாட்டித் திருகி ஒடிக்கச் சொன்னார்கள். காயம் சில நாளில் ஆறிவிடும். தேனீக்கு அங்கே வேலை இல்லாமல் போகும். தவறாமல் செய்த தோட்டங்களில் பூவழியாக வரும் தொற்று நின்றது. நம் வீடுகளில் பொரியலுக்கும் வடைக்கும் வாழைப்பூவை ஒடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே அதுவே நோய்த்தடுப்பு முறை ஆயிற்று.

பார்த்தீனியமும் மகரந்தமும்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மகரந்தத்தில் தங்கும் வைரஸ்களில் தென்னிந்திய விவசாயியை மிகவும் வாட்டியது புகையிலைக் கீற்று வைரஸ். 1997-ல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பக்கம் சூரியகாந்தியில் கருகல் நோயாகத் தெரிந்தது. பின்னர் ஆந்திரம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம் என்று பரவியது. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலையில் தண்டுக் கருகலாக வெடித்து, சுமார் 2,25,000 ஹெக்டேரில் சேதம் உண்டாக்கியது. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

இது பரவும் விதம் விசித்திரமானது. வைரஸ் இருப்பது பெரும்பாலும் பார்த்தீனியம் களையில். ஆனால் பார்த்தீனியத்தைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது, செழிப்பாக நிற்கும். அதன் பூவில் வாழும் இலைப்பேன்கள் உடம்பெல்லாம் மகரந்தத்தோடு காற்றில் மிதந்து பயிருக்கு வருகின்றன. மகரந்தம் காற்றிலும் வந்து இலைமேல் படிகிறது. இலைப்பேன் இலையைச் சுரண்டித் தின்னும்போது உண்டாகும் நுண்ணிய காயத்தின் வழியாக மகரந்தத்திலுள்ள வைரஸ் உள்ளே போகிறது. இந்த முறையை 1987-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதலில் நிரூபித்தார்கள். ஆக, மகரந்தத்தைச் சுமப்பது மட்டும் போதாது. வாசலைத் திறக்கும் இலைப்பேனும் வேண்டும். கொசுத்தேனீ மகரந்தத்தைச் சுமக்கும், இலையைச் சுரண்டாது. நிலக்கடலைப் பூ மூடியபடியே தன் மகரந்தத்தால் கருவுறுவது. தேனீ அதை அதிகம் நாடுவதும் இல்லை.

பார்த்தீனியம் 1955-ஐ ஒட்டிப் புனே நகரில் கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்தது என்று சொல்வார்கள். கப்பலில் வந்த களை என்ற அளவில் துறைமுகப் பகுதியில் இருப்பவர்கள் அதை மறக்கக்கூடாது. ரயில் பாதை ஓரம், சரக்குக் கிடங்கு, மதில் சுவர் ஓரம், விற்பனைக்குப் போட்ட மனை எங்கும் அது மண்டிக் கிடக்கிறது. ஒரு செடி பத்தாயிரம் விதைக்கு மேல் உதிர்க்கும். ஆலை நிர்வாகமும் மனைச் சொந்தக்காரரும் வெட்டுவார்கள் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. உங்கள் வயலைச் சுற்றி ஐம்பது, நூறு அடிக்காவது பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். கையுறையோ துணியோ சுற்றிக்கொண்டு பிடுங்குங்கள். தோலில் அரிப்பு வரும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது பிடுங்குவது சுலபம். நிலக்கடலையோ பயறோ போடும்போது வரப்பை ஒட்டி நாலு முதல் ஏழு வரிசை கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளத்தை நெருக்கமாக விதைத்தால், காற்றில் வரும் இலைப்பேன் அதில் தங்கிவிடும். மாட்டுக்குத் தீவனமும் ஆயிற்று.

வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுக்கூடம் இல்லாமலே பாதி உண்மையை வயலில் அறியலாம். ஒரு நோட்டுத் தாளில் வரிசைகளைக் கோடாகப் போட்டுக்கொண்டு, வாரம் ஒருமுறை நோய் கண்ட செடிக்குப் பெருக்கல் குறி இடுங்கள். மூன்று வாரத்தில் படம் பேச ஆரம்பிக்கும்.

பூவே வராத இளங்கொடியில், முளைத்துச் சில இலை விட்டதும் அங்கொன்று இங்கொன்றாகத் தேமல் தெரிந்தால் அது விதையோடு வந்தது, அல்லது வெள்ளை ஈயோ அசுவினியோ கொண்டுவந்தது. பூக்கும் முன் வந்த நோய்க்குத் தேனீ எப்படிப் பொறுப்பாகும்? காய் பறிக்க ஆரம்பித்த பிறகு, ஆள் நடந்த வரிசையிலேயே நோய் நீள்கிறதென்றால் கையும் கத்தியும்தான். களை மண்டிய பக்கத்து வரப்பிலிருந்து உள்ளே உள்ளே வருமானால் இலைப்பேன் அல்லது அசுவினி. பூத்த பிறகு, வரிசைக்கும் வரப்புக்கும் தொடர்பில்லாமல், காலையில் மலரும் பயிரில் மட்டும், நோயுற்ற செடியைச் சுற்றிச் சுற்றிப் புதிய செடிகள் விழுகின்றன என்றால் அப்போது தேனீயின் மேல் சந்தேகம் கொள்ளலாம். அந்த நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே: நோயுற்ற கொடியைப் பிடுங்குவது. நோயுள்ள பூ இல்லாவிட்டால் தேனீ எதைக் கொண்டுபோகும்?

மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே 1960-களிலிருந்தே கிணற்று நீரில் கடல்நீர் கலந்து வருகிறது. உப்பு நீர் பாய்ச்சிய பயிரிலும் இலை மஞ்சளாகும். ஆனால் அதில் பழைய இலைகளின் ஓரம்தான் முதலில் தீய்ந்து பழுப்பாகும். வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். வைரஸ் தேமலோ புதிய தளிரில் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும், நோயுற்ற செடிக்குப் பக்கத்திலேயே நல்ல செடியும் நிற்கும். இரும்புச் சத்துக் குறையில் தளிர் வெளுத்தாலும் நரம்பு மட்டும் பச்சையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர்க் குறைக்குத் தேனீயைத் தண்டிக்க வேண்டியதில்லை.

விதை, கை, கத்தி

கொடிக் காய்கறிக்குச் சொந்த விதை எடுப்பவர்கள் காய் பெருத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கொடியைப் பார்க்க வேண்டும். பூக்கும் காலத்திலேயே தேமல் சிறிதும் இல்லாத கொடிகளாகத் தேர்ந்து நூல் கட்டி வைத்து, அவற்றின் காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள். கூடியவரை அந்தக் கொடிகள் நோய் கண்ட பகுதிக்கு எட்ட இருக்கட்டும். மகரந்தத்தின் வழியாக வரும் வைரஸ் விதைக்குள் போய்விடுவதற்குத்தான் அதிக வாய்ப்பு. பெரிய விதை நிறுவனங்கள் இந்த வைரஸை ஒழிக்க விதையைப் படிப்படியாக உலர்த்தி, 70 டிகிரிக்கு மேல் மூன்று நாள் உலர் வெப்பத்தில் வைக்கின்றன. இதை வீட்டு அடுப்பிலோ வெயிலிலோ செய்யப் பார்த்தால் முளைப்பே போய்விடும். முயல வேண்டாம்.

பச்சைத் தேமல் கண்ட வயலில் அடுத்த போகமும் கொடிக்காய் போடாதீர்கள். கீரையோ வெண்டையோ கத்தரியோ வைக்கலாம். பிடுங்கிய கொடிகளைக் குப்பைக்குழியில் போட்டால் எரு வழியாகத் திரும்ப வரும். காய வைத்துக் கொளுத்திவிடுவது மேல். காய் பறிக்கும்போது நல்ல பகுதியில் ஆரம்பித்து நோயுள்ள பகுதியில் முடிக்க வேண்டும். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். கத்தியை நனைக்க, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 50 கிராமைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு டப்பாவில் இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். பாலிலுள்ள புரதம் இந்த வகை வைரஸை முடக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் பெருமளவு போகும். தக்காளித் தோட்டத்தில் பீடியும் வாய்ப்புகையிலையும் வேண்டாம். புகையிலைத் தேமல் வைரஸ் பதப்படுத்திய புகையிலையிலும் உயிரோடு இருந்து, விரல் வழியாகச் செடிக்கு வரும்.

பூத்த பயிரில் மருந்து அடிக்க நேர்ந்தால் சூரியன் இறங்கிக் கொசுத்தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகளைப் பூக்கும் பருவத்தில் கொடிக்காய்க்கு அடிக்கவே கூடாது. செடிக்குள் போய் மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள இந்தப் பயிர்களில் மகரந்தம் கொண்டுபோக ஆள் இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும், அல்லது கோணிப் போகும். அதையும் நோய் என்று எண்ணி இன்னொரு முறை மருந்து அடிப்பவர் உண்டு.

தேனீயோடு துறைமுகத்தைச் சேர்த்துப் பார்த்தால்

வெளிநாட்டிலிருந்து புதிய வைரஸ் வந்து இறங்கினால் இராயபுரத்துச் சுவரில் வாழும் கொசுத்தேனீ அதை மீஞ்சூருக்குக் கொண்டுவருமா? வராது. இடையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். தேனீ போவதோ சில நூறு மீட்டர். அந்தத் தூரத்தைக் கடப்பவை விதைப் பொட்டலமும், நாற்றுத் தட்டும், காய்க்கூடை ஏற்றிய லாரியுமே. விதை இறக்குமதிக்கு மத்திய அரசின் 2003-ஆம் ஆண்டு ஆணைப்படி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் சட்டைப் பையில் கொண்டுவரும் நாலு தர்பூசணி விதைக்கு அந்தச் சோதனை நடப்பதில்லை. அன்பாகத் தருகிறார்கள் என்று வாங்கி நடாதீர்கள்.

தேனீப் பெட்டியைத் தூரத்துக்குக் கொண்டுபோவதில் ஆபத்து இருக்கிறது. கலிபோர்னியாவில் பழத்தோட்டத்தில் வேலை முடித்த தேனீப் பெட்டிகளை அப்படியே வடக்கே வாஷிங்டன் மாநிலத்துச் செர்ரித் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனபோது, பெட்டியிலிருந்த மகரந்தத்தோடு வைரஸும் போயிருக்கலாம் என்று 1980-களில் எழுதினார்கள். நீங்கள் கொசுத்தேனீப் பானையோ பெட்டியோ விலைக்கு வாங்கினால், அது எந்தப் பயிருக்கு அருகில் இருந்தது என்று கேளுங்கள். நோய் கண்ட வெள்ளரித் தோட்டத்திலிருந்து எடுத்து நேரே உங்கள் வெள்ளரியில் வைக்காதீர்கள்.

இதையே நல்லதற்கும் திருப்பலாம். கூட்டில் சேரும் மகரந்தத்தைச் சோதித்தால் சுற்று வட்டாரத்தில் எந்த வைரஸ் உலவுகிறது என்று முன்கூட்டியே அறியலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள். அந்த நாட்டில் துறைமுகங்களுக்கு அருகில் காவலுக்கென்றே தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் வரோவா என்ற தேனீச் சிலந்தி வந்துவிட்டதை அப்படி வைத்த பெட்டியில்தான் கண்டார்கள். சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் பெட்டி வைக்கவே தேவையில்லை. சுவரில் ஏற்கெனவே குடியிருக்கும் கொசுத்தேனீயின் மகரந்தப் பானையில் கடுகளவு எடுத்துச் சோதித்தால் போதும். கூடு சில நூறு மீட்டருக்குள் உள்ள செடிகளின் செய்தியை மட்டும் சொல்வதால், நோய் எந்த மூலையில் என்று கண்டுபிடிப்பதும் எளிது. பல்கலைக்கழகத்தார் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

இடிக்கப்போகும் சுவரில் கூடு இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அந்தி சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு, சுவரை மெதுவாகப் பெயர்த்து, முட்டையும் புழுவும் உள்ள பகுதியை ராணித் தேனீயோடு ஒரு சிறு மண் கலயத்திலோ தேங்காய்ச் சிரட்டை இரண்டைச் சேர்த்தோ வைத்து, பழைய வாசற்குழலைக் கலயத்தின் துளையில் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எறும்பு ஏறாதபடி தண்ணீர் வைத்த தட்டின் மேல் நிறுத்துங்கள்.

தேமல் எதனால் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோய் கண்ட தளிர் இலைகள் நாலைந்தும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல செடியின் இலைகள் இரண்டும் பறித்து, தண்ணீர் தெளிக்காமல் செய்தித்தாளில் தனித்தனியாக மடித்து, பிறகு பாலிதீன் பைக்குள் போட்டுக் காலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வரைந்த வயல் படத்தையும், விதை எங்கே வாங்கியது, என்று விதைத்தது, முதல் பூ என்று வந்தது, முதல் தேமல் என்று தெரிந்தது என்ற விவரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.